பதினைந்தாம் வாரத்து ஞாயிறு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்திலிருந்து கிடைத்தது. தண்ணீர் குடிக்க டம்ளர் தேடித் திறந்தேன். உள்ளே பல்கலைக்கழகத்தின் கல்வியாண்டு நாட்காட்டி ஒட்டியிருந்தது. அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனாக்களால் ஒரு குடும்பத்தையே கட்டம் கட்டி அடைத்திருந்தார்கள். 'அம்மா கண் ஆபரேஷன்: அசைன்மென்ட் கொடுத்த பிறகு.' 'கடைவாய்ப்பல் பிடுங்க: செமஸ்டர் லீவில்.' அதுவரை வலிக்கக்கூடாது என்று பல்லிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

தொடக்கத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அவள் கண்களில் கனவு' (வேண்டாம். அவள் கண்களில் இருந்தது தூக்கம்.)

'சனிக்கிழமை காலை. ஊரே ஓய்ந்திருந்த வேளையில் அவள் மட்டும்' (பொய். அவள் வேலை பார்ப்பது பேருந்து டிப்போவில். ஊர் எங்கே ஓய்கிறது?)

2

சரி, நேராகவே சொல்கிறேன். எந்த ஓட்டுநருக்கு எந்த நாள் எந்த வண்டி என்று டியூட்டி போடுகிறவள் அவள். நாள் முழுக்கக் கட்டம் போடுவதால் டிப்போவில் அவளுக்குப் பெயர் 'கட்டம் அக்கா'. திங்கள் முதல் வெள்ளி வரை டிப்போ. சனி, ஞாயிறு பட்டப்படிப்பு. மூன்று வருடப் படிப்பு. மகள் பிறந்ததில் ஒன்றரை வருடம், மாமனார் படுக்கையில் கிடந்ததில் ஒன்றரை வருடம் என்று ஆறாகிவிட்டது. ஆறு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து என்பது விதி. பாக்கி ஒரே ஒரு பேப்பர்.

அவள் கணவர் எலெக்ட்ரீஷியன், சாது. சண்டை வந்தால் அவள், "இத செமஸ்டர் லீவ்ல பேசிக்கலாம்" என்பாள். பாவம், மனிதர் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். லீவு வந்ததும் நோட்டைத் திறந்தால் பாதிச் சண்டைக்குக் காரணம் மறந்திருக்கும்.¹

இந்த ஆறு வருடத்தில் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் அவளால் முழுதாக வர முடிந்ததில்லை. அதனால்தான் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "நாள், நேரம் பாக்குற வழக்கம் ரெண்டு வீட்லயும் இல்ல. தேதிய நீயே சொல்லிடும்மா. அப்புறம் க்ளாஸ் இருக்கு, கிழிச்சிருக்குன்னு கம்பி நீட்டக் கூடாது."

அவள் அலமாரியைத் திறந்தாள். தேதி சொன்னாள்.

¹ ஒரு பக்கத்தில் 'குக்கர் மூடி, மார்ச்' என்று மட்டும் இருக்கிறது. இருவருக்கும் இன்றுவரை புரியவில்லை.

3

தப்பு இங்கேதான். கவனமாகக் கேளுங்கள், இதை நான்கு முறை கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது.

இத்தனை வருடமும் நாட்காட்டியில் தேதி போட்டு அச்சடித்தார்கள். இந்த வருடம் வார எண் மட்டும்: 'பதினான்காம் வாரம் படிப்பு விடுமுறை. பதினைந்தாம் வாரம் இறுதித் தேர்வு.' டிப்போவில் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். பதினெட்டு வருடமாக அவள் கை அப்படித்தான் கட்டம் போடுகிறது. ஆகவே பதினான்காம் வாரத்தின் கடைசி நாளான ஞாயிறைக் கல்யாணத்துக்குக் கொடுத்தாள். வார இறுதி மாணவர்களுக்கோ பல்கலைக்கழகம் வாரத்தைச் சனிக்கிழமையிலிருந்து எண்ணுகிறது. அதே ஞாயிறு அவர்கள் கணக்கில் பதினைந்தாம் வாரத்தின் இரண்டாம் நாள். பரீட்சை காலை பத்து முதல் ஒன்று வரை. கல்யாணம் காலை பத்தரைக்கு.

4

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் தம்பியின் அறைக்கு வந்தாள்.

"டேய், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று எல்லாவற்றையும் சொன்னாள். சிரிக்கவும் செய்தாள். "நூறு வண்டிய முட்டிக்காம அனுப்புறவ, என் பரீட்சையையும் உன் கல்யாணத்தையும் நேருக்கு நேர் விட்டுட்டேன் பாரு."

"இப்ப என்னக்கா பண்றது?"

"என்ன பண்றது, கல்யாணத்துக்கு வரேன். பரீட்சை போனா போகுது. படிச்சு கிழிச்சு நான் என்ன மேனேஜராவா ஆகப்போறேன்?"

(ஆகப்போகிறாள். உதவி மேலாளர் இடம் காலியாக இருக்கிறது. பட்டம் மட்டும் இருந்தால் அது அவளுக்குத்தான் என்று டிப்போவில் எல்லோருக்கும் தெரியும்.)

'தம்பி துள்ளி எழுந்தான். "உன் பரீட்சையவிட எனக்கு'

இந்த வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் பாதியில் விட்டேன். ஏனென்றால் அப்படி நடக்கவில்லை. தம்பி, "சரிக்கா" என்றான். ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தான்.

தம்பி நான்தான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

5

என் தரப்பையும் கேளுங்கள். வரப்போகும் மாமனார் அச்சகம் வைத்திருக்கிறார். மகள் கல்யாணப் பத்திரிகையைத் தன் கையாலேயே வடிவமைத்து அறுநூறு அடித்தார். 'காலை 10.30' என்பது மட்டும் தங்க மையில். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலே ஒரு வேளை சாப்பிடமாட்டார். அவரிடம் போய் நேரத்தை மாற்றச் சொல்வதா? எனவே நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: அக்கா கல்யாணத்துக்கு வருகிறாள். எல்லாப் படத்திலும் சிரிக்கிறாள். பதினொரு மணிக்கு ஒருமுறை மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். (கதையாக இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆல்பத்தை ஆயுள் முழுக்க நான் பார்க்கவேண்டும்.)

முடிவு ஆ: பரீட்சை எழுதிவிட்டு, தானே டியூட்டி போட்ட வண்டியில் ஏறி ஒன்றே முக்காலுக்கு வருகிறாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முடிவு இ: பல்கலைக்கழகம் தேர்வுத் தேதியை மாற்றுகிறது. (சிரிக்காதீர்கள். எழுதுகிறவனுக்கு ஆசை இருக்கக்கூடாதா?)

இதுவரை எழுதியதைக் கல்யாணப் பெண்ணிடமே கொடுத்தேன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எழுத்து பெரிதோ சிறிதோ ஒரே மூச்சில் படிப்பாள்.

"முடிவு ஈ எங்க?"

"எது?"

"சாயங்காலம் நாலு மணிக்குக் கல்யாணம். ஹால் நாள் பூரா நம்மளுதுதானே?"

"உங்கப்பா..."

"எங்கப்பா உன்ன என்ன கடிச்சா தின்னுடுவாரு?"

"நீயே ஒரு வார்த்தை சொல்லேன்."

"அவங்களுக்குத் தம்பி நீயா, நானா?" என்று காகிதங்களை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "இது கதை இல்ல. சாக்கு."

6

இந்தப் பகுதியை இடது கையில் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள். மறுமுனையில் மாமனாருக்கு மணி அடிக்கிறது. வசனம் தயாரிக்கப் பார்க்கிறேன்.

'மாமா, ஒரு சின்ன விஷயம்' (சின்ன விஷயம் இல்லை.)

'மாமா, பத்திரிகை பிரமாதமா வந்திருக்கு' (இப்படி ஆரம்பித்தால் அதற்குமேல் இறங்க வழியே இல்லை.)

"சொல்லுங்க மாப்பிள்ள!" பின்னால் அச்சு இயந்திரம் தடதடக்கிறது.

"மாமா, எங்கக்காவுக்கு அன்னைக்குக் காலையில பரீட்சை. அவ எழுதியே ஆகணும். கல்யாணத்த சாயங்காலம் நாலு மணிக்கு வெச்சுக்கணும் மாமா."

இயந்திரத்தை நிறுத்துகிறார். அந்தச் சத்தம் நின்றால் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் அடுத்துச் சொல்லப்போவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். திட்டட்டும், சிரிக்கட்டும், அறுநூறு பத்திரிகையிலும் கையால் திருத்தட்டும், ஒரு வாரம் பட்டினி கிடக்கட்டும். எது உங்களுக்குச் சரியென்று படுகிறதோ அது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்று காலை அக்காவைப் தேர்வுக்கூட வாசலில் இறக்கிவிடப்போவது நான். அவள் எழுதி முடித்து வந்த பிறகுதான் மேடை ஏறுவேன்.