நாலு கோடு கூடுதல்

அன்றைக்குக் காலையில் கண்ணையன் ஊசியில் இன்சுலின் மருந்தை நாலு கோடு கூடுதலாக இழுத்தான். இருபத்து நாலு கோடு என்றுதான் டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். ஆனால் ஸ்டவ் மேல் பிடித்திருந்த கண்ணாடிக் குழாயில், சிறுநீர் சில சொட்டு விட்ட நீல மருந்துத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கப் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்து நின்றுவிட்டது. சிறுநீரில் சர்க்கரை ஏகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

"நேத்து நீலமா இருந்திச்சே. ராத்திரி இன்னா துன்ன?"

"ஒண்ணும் இல்ல மாமா. ரெண்டு வாய் சோறு."

"ரெண்டு வாய் சோத்துக்கா இந்தச் செவப்பு?"

அவன் மனைவி கஸ்தூரி புடவையை ஒதுக்கித் தொடையைக் காட்டினாள். இருபத்து நாலு வயது. தொடையில் ஊசி போடச் சதையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பதினாறு வயதிலிருந்து அவளுக்கு வயிற்று வலி. மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குக் குத்திக்கொண்டு போகும். குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால்தான் கொஞ்சம் அடங்கும். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் தண்ணீர் தண்ணீர் என்று தவித்து, எலும்பும் தோலுமாக ஆனபோதுதான் டவுனுக்குக் கொண்டுபோனான். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டினார். வயிற்றுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள். கணையத்தில் கல்.

"இது வயசானவங்களுக்கு வர்ற சர்க்கரை மாதிரி இல்லப்பா. சர்க்கரையை எறக்குற சுரப்பும் கணையத்துலதான் ஊறுது, கொறைஞ்சா தூக்கி நிறுத்துற சுரப்பும் அங்கதான் ஊறுது. இந்தப் பொண்ணுக்கு ரெண்டுமே கெட்டுப்போச்சு. மேல போனாலும் கீழ போனாலும் தானா நிக்காது. நீதான் பாத்துக்கணும்."

நீதான் பாத்துக்கணும். அந்த ஒரு சொல் கண்ணையனைத் தூங்கவிடவில்லை. பாகூர் வட்டாரத்தில் ஆயில் இன்ஜின் ரிப்பேர் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எந்த இன்ஜினுக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு நேரம் ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இவள் உடம்பு மட்டும் அவன் கணக்கில் அடங்கவில்லை. ஒரே சோறு, ஒரே மருந்து. ஒருநாள் நீலம், மறுநாள் செங்கல். பயந்து போய் வீட்டிலிருந்த சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு எல்லாவற்றையும் வாரி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டான். சிவப்பு வந்த நாளெல்லாம் அவள் எதையோ திருடித் தின்றுவிட்டதைப் போலக் கத்தினான்.

இன்றைக்கும் கத்தினான். கூடவே அந்த நாலு கோடு.

"அரை மணியில கஞ்சி குடிச்சிடு. பனித்திட்டுப் பக்கம் இன்ஜின் நின்னுபோச்சாம், நாத்தெல்லாம் காயுதுன்னு ஆள் அனுப்பிட்டாங்க."

"குடிக்கிறேன். நீ போ."

ஆடி மாசத்து வெயில் எட்டு மணிக்கே ஏறிவிட்டது. மூன்று மைல் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்ந்து, இன்ஜினைக் கழற்றி, அடைத்திருந்த குழாயை ஊதிச் சுத்தம் செய்யும்போது அவள் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. குடிக்கிறேன், நீ போ. என்றைக்கும் அவள் அவனைப் போ என்று சொன்னதில்லை. வலி வந்தால்தான் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது அவளுக்கு.

மருந்து உள்ளே போய்விட்டது. அதுவும் இருபத்தெட்டு. கஞ்சி போனதா?

நட்டு ஒன்று கையிலிருந்து நழுவிக் கிணற்றில் விழுந்தது. நிலத்துக்காரர் ஏதோ கேட்டார். "இதோ வந்துட்றேங்க" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் சைக்கிளை எடுத்தான்.

தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது. அவன் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடுவே கஸ்தூரி, தலைவிரி கோலமாய், தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் குழறியது. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு வேப்பிலைக் கொத்தால் அவள் தலையிலிருந்து கால்வரை தடவிக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு சொல்லு ஆத்தா. எந்த எல்லைலருந்து வந்திருக்க?"

"அக்கா, நவுரு. இவ சாப்ட்டாளா?"

"கண்ணையா, ஆடி மாசம். ஆத்தா எறங்கியிருக்கா. குறுக்க வராதே."

அவன் உள்ளே ஓடினான். கஞ்சிச் சட்டி காலி. குடித்துவிட்டாள், அப்படியானால் சர்க்கரை ஏறித்தான் இப்படி ஆகிறதோ? ஏறினாலும் நினைவு தப்பும், இறங்கினாலும் தப்பும் என்று டாக்டர் சொன்னாரே. இந்த நேரத்தில் தப்பாக எதையாவது கொடுத்துவிட்டால்? கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கண்ணில் கொல்லைப்புறம் பட்டது. வாழையடியில் கோழிகள் கூடிக் கொத்திக்கொண்டிருந்தன. வெள்ளைப் பருக்கை. கஞ்சி அப்படியே அங்கே கிடந்தது.

வாசலுக்கு வந்து அவள் கையைப் பிடித்தான். சில்லிட்டிருந்தது. ரவிக்கை முதுகெல்லாம் வேர்வையில் ஊறிப்போயிருந்தது. பிடித்த பிடியிலேயே அவள் கால் மடங்கித் தரையில் சரிந்தாள்.

"அக்கா, சக்கர குடு. வெல்லம் குடு. எதுனா இனிப்பு குடு, சீக்கிரம்!"

சின்னபொண்ணு அவனை முறைத்தாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சக்கர வியாதிக்காரிக்குச் சக்கரயா? நீதானே வூட்ல ஒரு துண்டு இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தயும் எங்கிட்ட கொண்டாந்து கொட்டின?"

"இப்ப கொறைஞ்சிடுச்சுக்கா. மருந்து போட்டேன், அவ சாப்பிடல."

"கையால சாவடிச்சிட்டு அப்புறம் எங்க தலையில கட்டாதே. நான் குடுக்க மாட்டேன்."

சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறு மாசமாக இனிப்பு விஷம் விஷம் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியவன் அவன்தான்.

அவன் சின்னபொண்ணைத் தள்ளிவிட்டு அவள் வீட்டுக்குள் புகுந்தான். அடுப்படியில் பானை பானையாகத் திறந்தான். மிளகாய், புளி, உப்பு. மூன்றாவது அடுக்கில் கை வெல்லத்தில் பட்டது. உடைக்கக் கல் தேடாமல் தரையில் அடித்து நொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தான். பின்னால் சின்னபொண்ணு, "ஐயோ, கொல்லப் போறான், பாருங்களேன்" என்று கூவிக்கொண்டு வந்தாள்.

கஸ்தூரியைத் தன் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தான். பல் கிட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். வெல்லத்தை எச்சிலில் குழைத்து, விரலால் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தேய்த்தான். மறுபடி தேய்த்தான். அவள் வெடுக்கென்று கடித்தாள். விரலில் ரத்தம் வந்தது. அவன் விரலை எடுக்கவில்லை.

யாரோ அழ ஆரம்பித்தார்கள். எவ்வளவு நேரம் அப்படித் தேய்த்தான் என்று அவனுக்குத் தெரியாது. தான் செய்வது தப்பாக இருந்தால் என்ற நினைப்பு மட்டும் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அவள் தொண்டை ஒருமுறை அசைந்தது. விழுங்கினாள். இன்னொரு துண்டை அவளே சப்பினாள். கண்ணில் பார்வை வந்தது.

"மாமா," என்றாள். "ஏன் இம்மாம் கூட்டம்?"

சின்னபொண்ணு கையிலிருந்த வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு, தன் வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள்.

பகல் பஸ்ஸில் டவுனுக்குப் போனார்கள். பஸ் கிருமாம்பாக்கம் தாண்டியது.

"வலி வந்திச்சா?" என்றான்.

"வந்திச்சு. ஆனா அதுக்காக ஊத்தல."

"பின்ன?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "சாப்ட்டா செவப்பு வருது. செவப்பு வந்தா நீ பேசற பேச்சு தாங்கல. முந்தாநாள் ராத்திரியும் சாப்பிடல. நேத்து நீலம் வந்திச்சு இல்ல? நாள் முழுக்க நீ சிரிச்சிக்கினு இருந்த."

கண்ணையன் கடிபட்ட விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் போலிருந்தது. பஸ்ஸில் அத்தனை பேர்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். நாலு கோடு கூட்டியதைக் கண்ணையன் மறைக்காமல் சொன்னான். அவர் திட்டவில்லை, அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு முதல்ல சாப்பாடு, அப்புறம் ஊசி. எவ்வளவு சாப்பிட்டான்னு பாத்துட்டுப் போடு. பாதி சாப்பிட்டா பாதி. வலி வந்து ஒண்ணும் எறங்கலன்னா கொஞ்சமா போட்டுட்டு நேரா இங்க கூட்டிட்டு வா, ஒரேயடியா நிறுத்திடாதே. நீலமே வரணும்னு நிக்காதே. இந்த ஒடம்புக்குப் பச்சை போதும்."

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஐப்பசியில் ஒருமுறை, தை மாசத்தில் ஒருமுறை அவள் மயங்கி விழுந்தாள். சில நாள் செங்கல் நிறம் வந்துகொண்டேதான் இருந்தது. அன்றைக்கெல்லாம் கண்ணையன் குழாயைக் கழுவி வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் நிற்பான். தூரத்து வேலைகளை விட்டுவிட்டான். காலை ஊசி முழு வேகத்தில் இருக்கும் பத்தரை மணிக்கு எங்கே இருந்தாலும் ஒருதரம் வீட்டை எட்டிப் பார்ப்பான்.

மாசியில் ஒருநாள் வாசலில் நின்று கூப்பிட்டான். சத்தம் இல்லை. உள்ளே பாயில் கஸ்தூரி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். சைக்கிள் சாவி கீழே விழ, ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அவள் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள். "இன்னா மாமா, செத்த நேரம் தூங்கக்கூட வுட மாட்டியா?"

"வுட மாட்டேன்டி," என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்துவிட்டான்.