கடைசிச் செவ்வாய்

அந்தப் பழைய நோட்டுக் கொப்பி எங்கே இருக்கிறது என்று சுலக்ஷனா வந்து கேட்டபோது பூரணி தேடிப் பார்ப்பதாகச் சொன்னாள். தேட ஒன்றுமில்லை. அடுப்புக்கு மேலே, பரணில், பிஸ்கட் டின்னுக்குள் அது இருந்தது. அக்கரப்பத்தனை மலைத்தோட்டத்து ஈரத்துக்குக் காகிதம் தப்ப வேண்டுமானால் புகை படுகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். ஐந்து வருஷமாக அங்கேதான் வைத்திருந்தாள்.

அம்மா காளியாயி சுலக்ஷனாவுக்கு மட்டும் கோப்பையோடு தட்டும் சேர்த்துத் தேநீர் கொடுத்தாள். பூரணிக்கு வழக்கமான டம்ளர். சுலக்ஷனா கொழும்பில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்கிறாள். அவள் வந்த வான் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் நின்றது. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றார்கள்.

"கொப்பி இல்லாட்டி கேஸு நிக்காதுடி," என்றாள் சுலக்ஷனா. "சனிக்கிழம ஹட்டனுக்கு வா. லோயர் ஒன்னயும் பாக்கணுங்கிறாரு."

அவள் போனதும் அம்மா அடுப்பைக் கிளறியபடி சொன்னாள்: "ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ்ஸு. அவ பேரு பேப்பருல வருது."

பூரணி அந்தப் பேப்பரை ஐந்து தடவை படித்திருந்தாள். தன் பெயர் வேண்டாம், 'தோழி ஒருத்தி' என்றாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

இரண்டாயிரத்து இரண்டில் இருவரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தார்கள். தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக ஒரு கணினி வந்திருந்தது. மழை நாளில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வாய்க்கு வந்த கிலோவைக் கழிப்பார். அவர் வாயை நம்பாமல், மழைமானி காட்டும் அளவுக்கு ஏற்பக் கழிக்கிற மென்பொருள் ஒன்றைச் செய்யலாம் என்பது சுலக்ஷனாவின் யோசனை. எழுதியதும் அவள்தான். எந்தக் கோபத்திலும் பூரணி இதை மறுத்ததில்லை. ஹட்டன் கணினி வகுப்பில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்பதால் வரி வரியாகக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள். பூரணி சரிபார்ப்பாள், தட்டச்சு செய்வாள்.

ஒரே ஒரு வரி மட்டும் பூரணி எழுதியது.

அவர்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா சித்திரை மாதக் கடைசிச் செவ்வாயில் வரும். அன்றைக்குத் தராசு தொங்காது. அந்த வருஷம் மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடிந்து, நனைந்த கையோடு வந்து கொப்பியைத் திறந்தவள், சுலக்ஷனாவின் பச்சை மை வரிகளுக்கு நடுவே நீல மையில் ஒன்றைச் செருகினாள். மே எட்டிலிருந்து பதினாலுக்குள் வரும் செவ்வாயில் நிறுவைப் பக்கம் திறக்கக் கூடாது. 'இன்னக்கி சாமி வருது, தராசு இல்ல' என்று ஆங்கில எழுத்தில் திரையில் வர வேண்டும். விளையாட்டாகத்தான் செய்தாள். மறுநாள் சொல்ல நினைத்து, மறந்துபோனாள். திருவிழாவன்று ஆபீசும் மூடியிருக்கும். அதை ஒருவரும் பார்த்ததில்லை.

பிறகு ஒருமுறை அந்தக் கணினி பழுது பார்க்கக் கொழும்புக்குப் போய் வந்தது. அதைப் பழுது பார்த்த நிறுவனம் போன வருஷக் கடைசியில் தோட்டங்களுக்கு மென்பொருள் விற்கத் தொடங்கியது. முகப்பெல்லாம் வேறு, பெயரும் வேறு. எதிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இந்த வருஷம் மே எட்டு செவ்வாய்க்கிழமை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலும் வலப்பனையிலும், அதை வாங்கிய தோட்டங்களிலெல்லாம் பெண்கள் நிறைந்த சாக்கோடு மழையில் நிற்க, கணினி திறக்க மறுத்தது. வலப்பனையில் சிங்களக் கிளாக்கர் ஒருவர் அந்த எழுத்துகளைத் துண்டுக் காகிதத்தில் பார்த்தெழுதி வந்து, வரிசையில் நின்ற கிழவியிடம் வாசித்துக் காட்டினாராம். அவள் சாக்கை இறக்கி வைத்துவிட்டுக் கணினி இருந்த திசையைக் கும்பிட்டாளாம். 'கணினிக்கு அருள் வந்தது' என்று பேப்பரில் போட்டார்கள். அதைப் படித்த சுலக்ஷனாவுக்கு, அந்தத் தேதி தங்கள் தோட்டத்துத் திருவிழா நாள் என்பதும் அது தன் மென்பொருள்தான் என்பதும் புரிந்தன. தன் படைப்பைத் திருடிவிட்டதாக நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டாள். அடுத்த செய்தி அவள் படத்தோடு வந்தது.

இரண்டு நாள் பூரணி டின்னைக் கீழே இறக்கினாள். இரண்டு நாளும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது; இரண்டு நாளும் டின்னைத் திரும்பப் பரணிலேயே வைத்தாள். தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் அமிலத்தையும் காரத்தையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சுலக்ஷனா தோற்றுப்போய் இதே பாதையில் பஸ்ஸில் வருவதாகக் காட்சி வந்தது. அது இனித்தது. இனித்ததற்காக வெட்கமும் வந்தது. ஆனால் காட்சி போகவில்லை.

சனிக்கிழமை ஹட்டனில், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த மாடி அறையில் சட்டத்தரணி உமாசுதன், சுலக்ஷனா சத்தியம் செய்து நீதிமன்றத்துக்குக் கொடுத்த கடதாசியின் பிரதியை அவளிடம் நீட்டினார். 'எங்கள் தோட்டத்துத் திருவிழாவை மனதிற் கொண்டு அந்த வரியை நானே எழுதினேன்.' பூரணி நிமிர்ந்து சுலக்ஷனாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. எல்லாம் தான் எழுதியது என்றே நம்பியிருந்தாள். பூரணிக்கு அதுதான் அதிகமாக எரிந்தது. திருடியிருந்தால்கூட, திருடத் தக்கதாகத் தன்னிடம் ஒன்று இருந்தது என்றாகியிருக்கும்.

பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். அந்தப் பக்கத்தைத் தானே விரித்து மேசையில் வைத்தாள்.

புகை வாசம் அறைக்குள் பரவியது. பச்சைக்கு நடுவே நீலம். வரியின் ஓரத்தில், மூடியே கிடந்ததால் நிறம் போகாத ஒரு மஞ்சள் பெருவிரல் தடம்.

சுலக்ஷனா வெகு நேரம் குனிந்து பார்த்தாள். "இது நீயாடி?"



உமாசுதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கடதாசி ஏற்கெனவே நீதிமன்றத்துக்குப் போய்விட்டது, இரண்டு கையெழுத்தைக் கண்டால் மற்றப் பக்கம் சும்மா விடாது, சத்தியம் பொய்யென்றால் வழக்கு முழுவதுமே சரிந்துவிடும் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"பிள்ளை, யோசிச்சுச் சொல்லுங்கோ. இவா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினனீங்களோ?"

ஆம் என்றால் போதும். சுலக்ஷனா ஜெயிப்பாள். அந்த ஒரு வரியும் அவளுடையதாகிவிடும். சுலக்ஷனா கெஞ்சவில்லை, அவள் கண்கள் மட்டும் கொப்பியை விட்டுப் பூரணியின் வாய்க்கு வந்திருந்தன. அவள் தன்னிடமிருந்து எதையாவது எதிர்பார்த்து நிற்பதைப் பூரணி பார்ப்பது இதுதான் முதல் தடவை. அது சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று தோன்றியது.

கீழே கினிகத்தனை பஸ் புறப்பட்டது. சன்னல் வழியாக மூடுபனி உள்ளே வர, காற்றில் பக்கம் எழும்பியது. அது புரளாமல் பிடிக்க இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். பூரணியின் கை முந்தியது. அன்றைக்குப் பதிந்த மஞ்சள் தடம் அதே பெருவிரலுக்கு அடியில் மறைந்தது, ஓரம்கூடத் தெரியாமல். அதன் பக்கத்திலேயே, ஓரங்குலம் தள்ளி, சுலக்ஷனாவின் விரல் காகிதத்தைத் தொடாமல் நின்றது.