புத்னி என்று கூப்பிட்டபோது

லால்ரின்பூயி என்று ஒருவர் எங்கள் ஊரில் இருப்பது போடிநாயக்கனூரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்கு அவர் ரீனா சிஸ்டர். மிசோரமில் உள்ள சபை அனுப்பிவைத்த மிஷனரி. முகத்தைப் பார்த்துவிட்டு நேபாளமா, சீனாவா என்று கேட்காத ஆள் இங்கே கிடையாது. "நானும் இந்தியாதாண்ணே" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். என்னைக் கேட்டால் அவருக்கு இது வெளிநாடுதான். சோறு வேறு, பாஷை வேறு, வெயில் வேறு. அப்படியும் வந்த ரெண்டாவது வருஷமே எங்கள் ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பக்கத்துச் சிலமலைக்காரப் பொம்பளை பேசுவதாகத்தான் நினைப்பீர்கள்.

நான் பாண்டியராஜ். போடியிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பு என்னுடையது. எனக்குக் கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டு வரும். போடிமெட்டு வளைவுகளில் தினமும் ஏறி இறங்குகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் சிஸ்டர் இல்லம் நடத்துகிறார். தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் வேலை பார்த்து மீட்கப்பட்ட பிள்ளைகளை அதிகாரிகள் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். புதுசாக ஒரு பிள்ளை வந்தால் சிஸ்டர் புத்தகத்தை எடுக்க மாட்டார். தேங்காய் எண்ணெயை எடுப்பார். ஏலக்காய் பறித்துப் பறித்துக் கறுத்துப்போன விரல்களை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்ப்பார். பேன் பார்ப்பார். நகம் வெட்டிவிடுவார். அந்தப் பிள்ளை தானாக ஒரு பென்சிலைத் தொடுகிற வரைக்கும் அ, ஆ கிடையாது. பெற்றவளே இப்படி உட்காருவாளா என்று எனக்குத் தோன்றும். சத்தியமாகச் சொல்கிறேன், சாமி விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது, ஆனால் அந்தப் பொறுமையைப் பார்த்தால் கை தானாகக் கும்பிடப் போகும்.

ஐப்பசி மாதம், காய் எடுப்பு மும்முரமாக நடக்கையில் ஒரு சிறுமி வந்தாள். எட்டு ஒன்பது வயது இருக்கும். ஜார்க்கண்டுப் பிள்ளை. மலைக்கு மேலே சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவளை மீட்டார்கள். கூட்டி வந்த ஏஜென்டு அன்றைக்கே ஓடிவிட்டான். அவள் பேசும் முண்டாரி பாஷை இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது. சிஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? ஜார்க்கண்டில் ஊழியம் செய்யும் தன் ஊர்த் தோழியைப் போனில் பிடித்து, அந்தப் பாஷையைத் தினமும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்.

"பாடம் சொல்லிக்குடுக்க வந்தவுக பாடம் படிச்சிட்டு உக்காந்திருந்தா எப்பிடி சிஸ்டர்?" என்று நான் கேலி செய்தேன்.

"அந்தப் புள்ள நம்ம பாஷையைப் படிக்க வருசம் ஆகும்ணே. அதுவரைக்கும் அது யாருகிட்ட அழும்?" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. பிள்ளையின் பெயர் சுக்குர்முனி. அம்மா பெயர் புத்னி. இருவரும் ஒன்றாகத்தான் மலைக்கு வந்திருக்கிறார்கள். ஒரு நாள் ஏஜென்டு, பிள்ளையை ஊருக்கு அனுப்பிப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக அம்மாவிடம் சொல்லி, இவளை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டான். அம்மா எந்தத் தோட்டத்தில் இருக்கிறாள் என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு எதிரே பெரிய பாறை, பக்கத்தில் ஓடை. அவ்வளவுதான் அடையாளம். பாறையும் ஓடையும் இல்லாத தோட்டம் அந்த மலையில் எது?

குழந்தைகள் நலக் குழுவில் கெடு வைத்துவிட்டார்கள். தாயைக் கண்டுபிடிக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை பிள்ளையை ரயிலேற்றி ஜார்க்கண்டு காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, சட்டம் அப்படி. ஆனால் தாய் இங்கே இந்த மலையில் இருக்கிறாள், பிள்ளை அங்கே போனால் இந்த ஜென்மத்தில் ரெண்டு பேரும் சந்திக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் என் ஜீப்பில் மலை ஏறினோம். ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் இறங்கி, "ஜார்க்கண்டுப் பொம்பளை, புத்னின்னு ஒருத்தவுக இருக்காகளா?" என்று கேட்போம். சூப்பர்வைசர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அப்படி ஒரு பெயரே கேள்விப்பட்டதில்லை என்பார்கள். கெடுவுக்கு முந்தின ஞாயிறும் அப்படியே போனது. பொழுது சாய, வெறுங்கையோடு இறங்கிக்கொண்டிருந்தோம். பிள்ளை பின்சீட்டில் சுருண்டு படுத்திருந்தாள்.

"பவித்ரா, பசிக்குதா ஆத்தா?" என்று கேட்டேன்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "எத்தனை தடவ சொல்லிட்டேன் அண்ணே. அவ பேரு சுக்குர்முனி."

"வாயில நுழையலையே சிஸ்டர். உங்களையுந்தான் ரீனான்னு கூப்புடுறோம். நீங்க கோவிச்சிக்கிட்டீங்களா?"

"நான் பெரியவ. எம் பேரு எனக்கு மறக்காது. இவளுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்றது. அலைந்த அலுப்பு வேறு. எரிச்சலில் கத்திவிட்டேன். "நான் மட்டுமா செய்றேன்? மேல போயிப் பாருங்க. வடக்க இருந்து வர்ற ஆளுகளுக்கு மொத நாளே சூப்பர்வைசர் நம்மூருப் பேரு வச்சிருவாரு. ஒருத்தி மாயக்கா, ஒருத்தி ராமுத்தாயி. அப்பிடிக் கூப்புட்டாத்தான் சோலி ஓடும். அவுகளும் அதுக்குத்தான் திரும்பிப் பாப்பாக!"

"வண்டிய நிறுத்துங்க" என்றார் சிஸ்டர்.

நிறுத்தினேன். அவர் என்னையே பார்த்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இல்லாத பெயரைச் சொல்லி அத்தனை தோட்டத்து வாசலிலும் கேட்டிருக்கிறோம். புத்னியை யாருக்குத் தெரியும்? அவளை வேறு எவளாகவோ ஆக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சூப்பர்வைசர்கள் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை.

"சூப்பர்வைசருகிட்டக் கேட்டுப் பிரயோசனம் இல்ல" என்றார். "அவளைத்தான் கேக்கணும். நாளைக்கு வேலை நேரத்துல போவோம்."

திங்கட்கிழமை காலையில் என் ஜீப்பில் வழக்கமான கூலிப் பெண்களோடு சிஸ்டரும் பிள்ளையும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அன்னக்கொடி என்கிற மூத்த வேலைக்காரி பிள்ளையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "எங்களை வெரசா எறக்கி விட்டுட்டு ஒடனே கெளம்பு பாண்டி. நிண்டு டீ குடிச்சிட்டுக் கெடக்காத" என்று எனக்கு உத்தரவு போட்டாள். அவர்களை இறக்கிவிட்டு நேரே முதல் தோட்டத்துக்கு ஓட்டினேன்.

சிஸ்டர் இந்த முறை ஆபீஸ் பக்கமே போகவில்லை. ரோட்டோரம் நின்று, கையை வாயருகே குவித்து, ஏலச்செடிகள் மறைத்த சரிவைப் பார்த்துக் கூப்பிட்டார். "புத்னீ... ஓ புத்னீ..." அவர் ஊரில் ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஒல்லி உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. செடிகளுக்கு நடுவே தலைகள் நிமிர்ந்தன. பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டன. அங்கே இல்லை. அடுத்த தோட்டம். அதற்கடுத்தது. ஒரு காவலாளி கல்லை எடுத்துக்கொண்டு வந்தான். மழை பிடித்துக்கொண்டது. சிஸ்டரின் தொண்டை கட்டிப்போனது. மிளகு ரசம் மாதிரி எதையாவது குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். கேட்கவில்லை.

மத்தியானம் தாண்டி ஒரு தோட்டத்துக்கு வந்தோம். மூன்று வாரத்துக்கு முன்பே வந்து கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பிய இடம் அது. சூப்பர்வைசர் மகாராஜன் எனக்குப் பழக்கமானவர்தான். குடையோடு வந்து வழி மறித்தார்.

"என்ன பாண்டி, அன்னைக்கே சொன்னேன்ல? எங்கிட்ட இருக்கிறது அம்புட்டும் எனக்குத் தெரியும். அந்தப் பேருல ஆளு கெடையாது."

சிஸ்டர் அவரைச் சுற்றிக்கொண்டு ஓரத்துக்குப் போனார். கரகரத்த குரலில் கூப்பிட்டார். "புத்னீ..."

சரிவில் வரிசையாகக் குனிந்து காய் பறித்தவர்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் நேரானது. கை காயிலேயே நின்றது.

"ஏ ராமுத்தாயி, ஒன்னைய இல்ல. நீ சோலியப் பாரு" என்றார் மகாராஜன்.

அவள் குனிந்துவிட்டாள். சிஸ்டர் இன்னொரு தரம் கூப்பிட வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அவ்வளவு நேரமும் ஜீப்புக்குள் சிலை மாதிரி உட்கார்ந்திருந்த பிள்ளை இறங்கி ஓடிவந்தாள். சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிடவில்லை. சிஸ்டர் கூப்பிட்ட மாதிரியே, இழுத்து, "புத்னீ..." என்றாள்.

அந்தப் பொம்பளை திரும்பினாள். இடுப்பில் கட்டியிருந்த கூடை அவிழ்ந்து காயெல்லாம் சரிவில் உருண்டது. செடியை விலக்கிக்கொண்டு, வழுக்கி விழுந்து, எழுந்து, நாலு காலில் ஏறி வந்தாள். மேலே வந்ததும் பிள்ளையைத் தொடாமல் நின்றாள். ஊரில் பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளை இங்கே எப்படி வரும் என்று அவள் முகம் கேட்டது. சிஸ்டர் அவள் பாஷையில் ரெண்டு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அதிலென்ன வெட்கம்.

குழுவுக்குப் போன் போட்டுச் சொன்னோம். தாயோடு நேரே வரச்சொன்னார்கள். புத்னியையும் சுக்குர்முனியையும் முன்சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன். மகாராஜன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். "நெசமாவே தெரியாதுப்பா" என்று ரெண்டு தடவை சொன்னார்.

கிளம்பலாம் என்று பார்த்தால் சிஸ்டரைக் காணவில்லை. சரிவின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு ஒரு பெண் மேலே ஏறி வந்து அவர் முன்னால் நின்றிருந்தாள். வடக்கத்திக்காரிதான். நெஞ்சில் கை வைத்து, "சாலோமி" என்றாள். சிஸ்டர் "சாலோமி" என்றார். அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். பின்னால் இன்னொருத்தி வந்தாள். "ஜௌனி." சிஸ்டருக்குச் சரியாக வரவில்லை. அவள் மறுபடி சொன்னாள். கட்டிப்போன தொண்டையோடு அவர் திரும்பத் திரும்பச் சொல்லி, அவள் சிரிக்கிற வரைக்கும் விடவில்லை. அதற்குள் சரிவெங்கும் செடிகள் அசைந்தன. மழையில் நனைந்துகொண்டே பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து நின்றார்கள்.

"காய் எடை போடுற நேரம் பாண்டி. வண்டிய எடு, சிஸ்டரைக் கூப்புடு" என்றார் மகாராஜன்.

நான் என்ஜினை அணைத்தேன். "இன்னும் ஆளு இருக்குண்ணே" என்றேன்.