வேறு மண்டலத்துக் குரல்

டிவிடி கம்பெனியின் புகார் லைனில் நாள் முழுக்க நான் சொல்வது ஒரே விஷயம்தான். "மன்னிக்கவும். நீங்கள் வாங்கிய டிவிடி உங்கள் மண்டலத்திற்கு உரியதல்ல. ஆகவே அது உங்கள் கருவியில் இயங்காது." இதைக் கேட்பதற்காகத்தான் ஜனங்கள் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அல்லாடி, ஓடுகிற இசையையெல்லாம் பொறுத்துக்கொண்டு என்னிடம் வந்து சேர்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய படத்தைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருகிறதாம். வராமல் என்ன செய்யும்? படக் கம்பெனிக்காரர்கள் உலகத்தை ஆறு துண்டு போட்டு, ஒரு துண்டில் விற்றது இன்னொரு துண்டில் ஓடக் கூடாது என்று பூட்டியிருக்கிறார்கள். ஏன் என்று என்னைக் கேட்டால்? எனக்குச் சம்பளம் அந்த இரண்டு வரிக்குத்தான்.

"தம்பி வெளிநாட்டுல இருந்து ஆசையா அனுப்புனதுங்க" என்பார்கள். "எங்க கல்யாணத்தன்னிக்குப் பார்த்த படங்க" என்பார்கள். ஒருவர் அழுதே விட்டார். அழுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவருக்கும் அதே மன்னிக்கவும்தான்.

நாங்கள் ஒழுங்காகச் சொல்கிறோமா என்று கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பது என் நாத்தனாரின் வேலை. என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான், அதைச் சொல்லிக் காட்டாமல் அவளுக்குப் பொழுது போகாது. வீட்டில் அண்ணி, ஆபீசில் மேடம். ஒருமுறை வாய் தவறி அண்ணி என்றுவிட்டேன். "உன் அண்ணி வீட்ல இருப்பா, போய்ப் பாரு" என்றாள், அத்தனை பேர் முன்னாலும்.

அவளுக்குப் பிடித்த வேலை இன்னொன்று உண்டு. வேறு மண்டலத்து டிவிடி எது எங்கள் ஆபீசுக்குள் வந்தாலும் முழுசாக வெளியே போகக் கூடாது என்பது விதி. வாசலருகே கைப்பிடி வைத்த வெட்டும் கருவி ஒன்று இருக்கிறது. திரும்பி வந்த டிவிடிகளை அதில் செருகி அழுத்த வேண்டும். கடைநிலை ஊழியர் செய்ய வேண்டியதை அவளே ஆசை ஆசையாகச் செய்வாள்.

அந்தச் சமயத்தில்தான் பேசாத ஆசாமி ஒருவர் கூப்பிட ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். "வணக்கம்" என்றால் பதில் இருக்காது. லைன் கோளாறு போல சன்னமாக ஒரு சீழ்க்கை மட்டும் கேட்கும். பக்கத்து மேசைக்காரி எடுத்தால் உடனே வைத்துவிடும். நான் எடுத்தால் வைக்காது. பதில் வராவிட்டாலும் விதிப்படி இரண்டு வரியையும் சொல்லி முடிக்க வேண்டும், சொல்வேன். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைக்கும்.

"உனக்கு ரசிகர் சேர்ந்துட்டாரு போல" என்று பக்கத்து மேசைக்காரி கிண்டலடித்தாள்.

ஒருநாள் நாத்தனார் அறையில் இல்லை. எனக்கோ தலைவலி. சீழ்க்கை வந்ததும் சுள்ளென்று ஏறிவிட்டது. "பேச வாய் இல்லாதவங்க எதுக்கு போன் பண்றீங்க? நாக்கை வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நானே வைத்தேன். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கரைத்துக் கொடுத்த சத்துமாவைத் தொடவில்லை. அவளுக்கு இது புதிதில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் டப்பிங் பேசியவள். பேசத் தெரியாத கதாநாயகிகளுக்கெல்லாம் வாய் அவள்தான். பெயர் எந்தப் படத்திலும் வராது. ஸ்டூடியோவில் அவளைக் கிளி என்பார்கள். எனக்குப் பதினான்கு வயசில் டப்பிங் பேச ஆசை வந்தது. கூட்டிக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்தி ஒரு வரி பேச வைத்தாள். பேசி முடித்ததும், "இந்தத் தகரத்தை வெச்சு கூரை போடலாம், படம் எடுக்க முடியாது" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் என்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் வீட்டில் என் பெயரே தகரம்தான்.

பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அது வழியாகத்தான். என் வீட்டு உள்ளறையில் ஒரு கட்டில், கைக்கு எட்டும் தூரத்தில் டெலிபோன், மடியில் ஒரு சிலேட்டு. ஆமாம் என்றால் குச்சியால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. குரல் போனாலும் வாய்க்கொழுப்பு போகவில்லை. என் வீட்டுக்காரரைப் பற்றி அவள் சிலேட்டில் எழுதுவதை அவர் வருவதற்குள் நான் அழித்துக்கொண்டிருப்பேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'என் குரலை ஒரு தடவை கேக்கணும்.'

வீட்டில் ஒரு கேசட் கிடையாது. அவள் பேசிய மற்ற படங்களெல்லாம் அழிந்துபோய், அந்தக் குரல் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பழைய படத்தில். அதை எங்கள் கம்பெனியே டிவிடியாகப் போட்டிருந்தது. வாங்கி வந்து போட்டேன். கதாநாயகி வாயைத் திறந்தாள். வேறு யாரோ ஒருத்தி கொஞ்சினாள். பழைய ஒலிக்கு இந்த மண்டலத்தில் உரிமை கிடைக்கவில்லை என்று புதிதாக டப்பிங் செய்து ஒட்டியிருக்கிறார்கள். அம்மா முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. டிவிடியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பின்பக்கம் எங்கள் புகார் எண் அச்சிட்ட உறையை மட்டும் ஏனோ தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பழைய ஒலியோடு இருக்கும் டிவிடி வேறொரு மண்டலத்தில் வந்திருந்தது. அதை வெளியிட்ட கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரரின் சிநேகிதர் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்றைக் கொண்டு வந்து சேர்த்தார். அம்மா சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலையை வாரி, பொட்டு வைத்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. நான் தினமும் சொல்கிற அதே இரண்டு வரி.

கம்ப்யூட்டரில் மண்டலத்தை மாற்றிக்கொள்ள முடியும், ஆனால் ஐந்து முறைதான். அதற்கப்புறம் அது கடைசியாக நின்ற இடத்திலேயே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். என் வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். மிச்சம் பூஜ்யம்.

"அஞ்சாவதை எந்தப் படத்துக்குங்க செலவு பண்ணீங்க?"

அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டார். "மீன் பிடிக்கிறது எப்படின்னு ஒரு படம்."

"நீங்க ஜென்மத்துல மீன் பிடிச்சிருக்கீங்களா?"

"அதான் கத்துக்கலாம்னு."

உள்ளறையில் சிலேட்டில் குச்சி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அதை நான் அழிக்கவில்லை. அவரே படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூட்டே இல்லாத கருவி ஒன்று எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில் இருந்தது. எங்கள் ஆபீசில், விற்பனைக்குப் போகும் முன் டிவிடிகளை ஓட்டிப் பார்க்கிற அறையில். ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டவர்கள் தங்களுக்கு மட்டும் சாவி வைத்திருந்தார்கள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும்போது உள்ளே போவது, கதாநாயகி பேசுவதை மட்டும் டேப்ரெக்கார்டரில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். கைப்பைக்குள் டிவிடியைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, வெட்டும் கருவியைத் தாண்டி உள்ளே போனேன்.

அறையில் ஒருவரும் இல்லை. முதலில் ஓடுகிறதா என்று பார்ப்போம் என்று டிவிடியைப் போட்டேன். ஓடியது. மழை பெய்யும் ஒரு தெரு, குடைக்குள் அவள், குடைக்கு வெளியே அவன்.

"போறதுன்னா போ. திரும்பிப் பார்த்துட்டுப் போகாதே. அப்புறம் நான் கதவைத் திறந்தே வெச்சிருப்பேன்."

அது என் குரல். என் குரல் மாதிரி இல்லை, என் குரலேதான். அம்மா பேசிக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் வீட்டில் அவள் என்னிடம் பேசியதெல்லாம் கத்தல்தான். கத்தாத குரலை நான் கேட்டதே இல்லை. ரெக்கார்டரை எடுக்கத் தோன்றாமல் பையைப் பிடித்தபடி நின்றேன்.

கதவு திறந்தது. நாத்தனார் தலையை நீட்டினாள். "சாப்பாட்டு நேரத்துல யாரோடடி பேசிட்டிருக்கே?"

நான் வாயைத் திறக்கவில்லை. திரையில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். நாத்தனார் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் ஆசை எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தெரியாது?

"நல்லாத்தான் பேசியிருக்காங்க உங்கம்மா" என்றாள். பொத்தானை அழுத்தி டிவிடியை வெளியே எடுத்தாள். விளிம்பைப் பிடித்து, கைரேகை படாமல், அவ்வளவு பக்குவமாக எடுத்தாள்.

"மேடம், இது திரும்பி வந்ததில்ல. எங்க வீட்டுது."

"வாசலைத் தாண்டி வந்துச்சா இல்லையா?"

"அம்மாவுக்கு மேடம். ஒரே ஒரு தடவை கேட்கணும்னு."

"ஆபீஸ்ல அம்மா ஏது, மாமியார் ஏது?"

வாசலை நோக்கி நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். "அண்ணி, உங்க கால்ல விழறேன்."

"விழு. விழுந்து எந்திரிச்சுப் போய் ஹெட்போனை மாட்டு. லைன் நிக்குது."

விழுந்தேன். சத்தியமாக விழுந்தேன். சாப்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினாள். பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. அப்புறம் பெருக்குகிறவளைக் கூப்பிட்டு, தரையில் கிடந்ததை அள்ளச் சொன்னாள். அவள் நாசமாய்ப் போக என்று அன்றைக்கு நான் வேண்டாத தெய்வமில்லை.

வீட்டுக்குப் போனேன். அம்மா தலை வாரி உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து ரெக்கார்டரை எடுப்பேன் என்று என் கையையே பார்த்தாள்.

"உடைச்சுட்டாங்க" என்றேன்.

குச்சியை எடுத்தாள். எழுதுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஆனா நான் கேட்டேன். குடைக்குள்ள நின்னு பேசுற இடம்." பையைக் கட்டில்மேல் எறிந்தேன். "அது என் குரல்தாம்மா. அண்ணியே நான் பேசுறேன்னுதான் நினைச்சா. இத்தனை வருஷம் தகரம் தகரம்னியே. அப்ப நீ யாரு?"

அம்மா சிலேட்டைத் துடைத்தாள். பிறகு எழுதினாள். 'நான் உழைச்சுப் பழக்குன குரல். உனக்குச் சும்மா வந்தது.' அதற்குக் கீழே, 'தகரம்தான்.'

அன்றிரவு நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதும் அவளைத் தண்டிக்க ஒரு வழி என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. "வணக்கம்" என்றேன். சீழ்க்கை. வழக்கம்போல ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் மறுமுனையில் ஒரு இருமல், துணியை வைத்து அமுக்கிய ஈரமான இருமல். கழுத்துத் துளையில் வைக்கும் அந்தத் துணிகளைத் தினமும் காலையில் துவைத்துக் காயப்போடுவது நான்.

அம்மாதான். இந்த வாரம், போன வாரம், அதற்கு முந்தின மாதம் முழுக்க. வாய் இல்லாதவங்க எதுக்கு போன் பண்றீங்க என்று நான் கேட்ட அன்றைக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். சொந்தப் பேச்சு ஒரு வார்த்தை வந்தாலும் லைனை வெட்டிவிடுவாள். என்னிடம் இருந்தது அந்த இரண்டு வரிதான்.

"மன்னிக்கவும்" என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அப்படி நான் சொன்னதில்லை. "நீங்கள் வாங்கிய டிவிடி உங்கள் மண்டலத்திற்கு உரியதல்ல. ஆகவே அது உங்கள் கருவியில் இயங்காது." எங்கள் விதியில் இன்னொரு கேள்விக்கும் அனுமதி உண்டு. அதையும் கேட்டேன். "மீண்டும் ஒருமுறை சொல்லட்டுமா?"

டெலிபோன் வாய்மேல் சிலேட்டுக் குச்சி ஒரு தட்டு தட்டியது.

சொன்னேன். மறுபடி கேட்டேன். மறுபடி ஒரு தட்டு. நாத்தனார் கண்ணாடியைத் தட்டிக் கையை ஆட்டும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் உள்ளறைக்குப் போனால் அம்மா ஒன்றுமே நடக்காதது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கேட்கவில்லை. சத்துமாவைக் கொடுத்துவிட்டு டம்ளருக்காக நின்றபோது சிலேட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

'இயங்காதுல கடைசி எழுத்தை முழுங்குற. மூச்சை மிச்சம் வை.'

மறுநாளும் அதே நேரத்துக்கு மணி அடித்தது. இரண்டு வரியையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசி எழுத்தை வேண்டுமென்றே முழுங்கினேன்.

மறுமுனையில் இரண்டு தட்டு விழுந்தது.