ஒன்றுக்கு ஒன்று

பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்ப்பவளுக்கு மூக்குக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெண்ணெய் லேசாகக் காறினாலும் வாசலிலேயே பிடித்துவிடுவாள். போன மாதக் காய்ச்சல் அந்த மூக்கையும் நாக்கையும் சுத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். குடும்பமே அவள் சம்பளத்தில் ஓடுகிறது. யாரிடமும் மூச்சு விடாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆபீசிலிருந்து பொருளாதாரம் படித்த ஒருவர் வந்து இறங்கினார். நுகர்வோர் விருப்பத்தை அளக்கப் போகிறாராம். ருசி பார்க்கிற ஐந்து பேர் முன்னாலும் இரண்டிரண்டு தட்டுகள்.

"இடது தட்டுல ஒரு பிஸ்கட்டை நான் எடுத்துக்கிட்டா, வலது தட்டுல எத்தனை கூடுதலாத் தந்தா உங்களுக்குச் சரியாப் போகும்?"

மற்றவர்கள் கண்ணை மூடி மென்று, இரண்டு, மூன்று என்று பேரம் பேசினார்கள். அவள் வாயில் எல்லாமே மண். வேறென்ன சொல்வாள், பாவம்?

"ஒண்ணுக்கு ஒண்ணு போதும் சார்."

மாற்றி மாற்றிக் கேட்டும் அதையேதான் சொன்னாள். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தாள்.

எதற்கு எத்தனை ஈடு என்று அவரவர் சொன்னதை வைத்து, அவர் பலகையில் ஆளுக்கொரு சமநோக்கு வளைகோடு வரைந்தார். நாலு பேருடையது வளைந்து கிடந்தது. அவளுடையது மட்டும் அளவுகோல் வைத்துக் கிழித்த நேர்கோடு.

"நேர்கோடுன்னா ரெண்டும் ஒண்ணேதான்னு அர்த்தம். ரெண்டு தட்டுலயும் ஒரே பிஸ்கட்தான் வெச்சேன்! கண்டுபிடிச்சது இவங்க மட்டும்தான்."

எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சார், எனக்கு மூக்கே வேலை செய்யல. காய்ச்சலுக்கப்புறம் எந்த ருசியும் தெரியல," என்று போட்டு உடைத்துவிட்டாள்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தத் தன்னடக்கம்தாம்மா எனக்குப் பிடிச்சது! நாளையிலேருந்து நம்ம கம்பெனி போடுற குழந்தைகளோட பால் மாவும் உங்க பொறுப்பு. கெட்டுப்போனது ஒரு டப்பாகூட வெளிய போகக் கூடாது."

மறுநாள் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மேனேஜரே டப்பாவை உடைத்து நீட்டினார். முகர்ந்தாள். நக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. எவள் பெற்ற பிள்ளையோ இதைக் குடிக்கப் போகிறது என்று நினைத்ததும் டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"கெட்டுப்போச்சு சார். அனுப்பாதீங்க."

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. லாரியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அப்புறம் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்க எல்லாருக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சு. நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்!"

சொல்லிக்கொண்டே அடுத்த டப்பாவை உடைத்தார்.