பத்தாவது அடி

நூற்றைம்பது ரூபாய், என் அக்கா வசந்தாமணியின் கூறைப்புடவைக்கு நானே அட்டையில் எழுதி முந்தானை நுனியில் நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன், அரக்குப் பட்டு, மாங்காய் போட்ட கரை, மண்டபத்து மின்விசிறி சுற்றச் சுற்ற அது கம்பியில் ஏறி இறங்குகிறது, உள்ளே யாரோ நின்று மூச்சு விடுவதைப் போல, ஆனால் உள்ளே யாரும் இல்லை, ரெஜினா டீச்சர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்க்கா, அசல் பட்டு, ஆயிரம் போடலாமே, காப்பகத்துக்குத்தானே போகுது என்கிறார், வீட்டில் அடி தாங்காமல் வெளியேறிய பெண்கள் தங்குவதற்கு டீச்சரும் இன்னும் நாலு பேரும் நடத்துகிற காப்பகம், வருடம் ஒருமுறை வீடு வீடாகப் போய்ப் பழந்துணி வாங்கி, துவைத்துத் தேய்த்து, இங்கே விற்றுத்தான் அதற்கு வாடகை கட்டுகிறார்கள், விலை போடுவது என் வேலை, ஈரோட்டுத் துணிச் சந்தையில் கடைக்காரர் மகள் நான், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அம்மா என்று சொல்வதற்கு முன்பே கட்டுபடியாகாது என்று சொல்லிவிடும், ஆயிரம் போட்டா ஏன் ஆயிரம்னு கேப்பாங்க டீச்சர், நூத்தம்பதுன்னா ஒருத்தரும் கதை கேக்க மாட்டாங்க என்றேன், டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு குழந்தைச் சட்டைகளை அடுக்கப் போய்விட்டார்.

கூட்டம் இன்னும் வரவில்லை, ஒரு பெண் மட்டும் வந்தாள், இருபத்தைந்து இருக்கும், பங்குனி வெயிலில் மணிக்கட்டு வரை மூடிய சுடிதார், நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன், வாங்க வந்தவரா வேடிக்கை பார்க்க வந்தவரா என்பதைக் கால் சொல்லிவிடும், கடையில் வளர்ந்த பழக்கம், இடது காலில் நீலச் செருப்பு, வலது காலில் கறுப்பு, நேராகப் பட்டுக்குப் போய்க் கரையைத் தொட்டாள், கை கரையில் இருந்தது, கண் டீச்சரின் மேஜைப் பக்கம் இருந்தது, நூறுக்கு வருமாங்க என்றாள், வராதுங் அம்மிணி, போட்ட வெலையே அடிமாட்டு வெலை, நூத்திநாப்பதுன்னா எடுத்துக்க என்று என் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, சொன்னது என் குரலே இல்லை, அப்பாவின் குரல், கல்லாவில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பதினாலு வயதில் நான், பேரம் முறிந்து ஒருவர் படி இறங்கினால் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம், கூப்பிட்டால் விலை அவர் கைக்குப் போய்விடும், பத்து அடிக்குள் தானாகத் திரும்புவார், நான் வாய்க்குள் எண்ணுவேன், ஆறில் திரும்புவார்கள், மகா கஞ்சன் எட்டில் திரும்புவான், பத்தைத் தாண்டி ஒருவரும் போனதில்லை, அன்றுவரை.

அன்று அக்கா வந்தாள், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, உதடு வீங்கி, அதை முந்தானையால் மறைத்து, மாப்பிள்ளை வீட்டில் பத்துப் பவுன் கேட்டு அடிக்கிறார்கள் என்றாள், அப்பா மறுநாளே பஸ் ஏறிப் போனார், சாயங்காலம் சிரித்துக்கொண்டு திரும்பினார், பத்து கேட்டானுங்க, ஆறுல முடிச்சிட்டேன், நாலு பவுன் மிச்சம், ஆருக்கு வரும் இந்தச் சாமர்த்தியம், கடைப் பையன்களுக்கெல்லாம் போண்டா வந்தது, நான் இரண்டு தின்றேன், அப்பாவைப் போல உலகத்தில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டே தின்றேன், எந்தச் சரக்குக்கு விலை பேசிவிட்டு வந்திருக்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, ஆறு பவுனை மஞ்சள் பையில் முடிந்து அக்கா கையில் கொடுத்தார், அக்கா படியிலேயே நிற்கிறாள், நகை வேண்டாங்ப்பா, நான் இங்கயே இருந்துக்கறேன், கணக்கெழுதறேன், தறிக்காரங்களுக்குப் பதில் சொல்றேன், ஒரு நேரம் சோறு போதும், அப்பா தராசு முள்ளைப் பார்ப்பதுபோல எங்கேயோ பார்த்தார், பேசி முடிச்ச வெலை அம்மிணி, மாத்தினா சந்தையில மருவாதி போயிரும், போயிட்டு வா, அக்கா இறங்கினாள், நான் வாயைத் திறந்தேன், அப்பா என் மணிக்கட்டைத் தொட்டார், கூப்புடாதே, அவளே திரும்பி வந்து சிரிச்சிட்டுப் போவா, நான் எண்ணினேன், ஏழில் நின்றாள், திரும்புகிறாள் என்று நினைத்தேன், மூட்டைக்காரர் குறுக்கே போவதற்காக நின்றிருக்கிறாள், எட்டு, ஒன்பது, பத்து, அப்புறம் கூட்டம், அப்புறம் முப்பத்தொரு வருடம் அந்த வீடு, எங்கள் கடைப் படியை மறுபடி மிதிக்கவே இல்லை, விசேஷங்களில் பார்ப்போம், இடது கை நேராக நீளாது, என்னக்கா என்றால் கதவிடுக்குல மாட்டிக்கிச்சு என்பாள், நானும் அந்தக் கதவை நம்பியதுபோலத் தலையாட்டுவேன், இந்தத் தை மாதம் போய்ச் சேர்ந்தாள், இந்தப் புடவையை அவள் புருஷன் வீட்டார் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பினார்கள், எங்களுக்கு எதுக்குங்க இது என்று.

சரிங்க, பாத்துட்டு வர்றேன், இது அக்கா இல்லை, சுடிதார்ப் பெண், கரையை விட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடக்கிறாள், கையில் பையில்லை, பர்ஸில்லை, எதைப் பார்த்துவிட்டு எதற்குத் திரும்பி வருவாள், என் வாய் இறுகிக் கிடக்கிறது, மணிக்கட்டில் அப்பாவின் விரல் இருக்கிறது, மூன்று, நான்கு, இரண்டு செருப்பும் வேறு வேறு சத்தம் போடுகின்றன, ஆறு, ஏழு, இன்றைக்கு மூட்டைக்காரர் இல்லை, எட்டு, வாசல் வெயில் அவள் மேல் விழுகிறது, ஒன்பது, அம்மிணி என்று கத்திவிட்டேன், துணி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள், வா கண்ணு, உன்ற வெலைக்கே தர்றேன், வா, அவள் பத்தாவது அடியைத் தூக்கிய காலோடு நின்றாள்.

வந்தாள், புடவைக்கு வரலீங்க்கா, இங்க தங்க எடம் குடுப்பாங்கன்னு நோட்டீஸ்ல பாத்தேன், கேக்கத்தான் வாய் வரல, தெரியும் உக்காரு என்றேன், மாத்துத்துணி இருக்குதா, இல்லீங்க, இதக் கட்டிக்கிறியா என்று பட்டைக் காட்டினேன், ஐயோ வேண்டாங்க்கா, கூறைப்புடவை ஒருக்காக் கட்டினதுக்கே இந்தப் பாடு என்றாள், இருவரும் சிரித்துவிட்டோம், சிரித்ததும் அவள் விலாவைப் பிடித்துக்கொண்டாள், பேர் இந்திராணி என்றாள், டீச்சர் காப்பகத்துக்குப் போன் செய்தார், வண்டி வர ஒரு மணி நேரமாகும், இந்திராணி பெஞ்சில் படுத்தாள், படுத்ததும் தூங்கிவிட்டாள், எத்தனை நாள் தூக்கமோ, நான் பட்டைக் கம்பியிலிருந்து இறக்கி, கடை மடிப்பாக எட்டாய் மடித்து, அவள் தலைக்குக் கீழே கொடுத்தேன், மின்விசிறிக்குக் கீழே அரக்குப் பட்டு லேசாக ஏறி இறங்குகிறது, அட்டை பெஞ்சு ஓரத்தில் தொங்குகிறது, இப்போது அதன்மேல் மூச்சு விட ஒருத்தி இருக்கிறாள்.

சாயங்காலம் டீச்சர் நோட்டை விரித்தார், சொல்லுங்க்கா, சொன்னேன், மொத்த வரவு பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது, அதில் இந்திராணிக்குக் கொடுத்த நூல் புடவை ஒன்று எண்பது, என் கைக்காசு, அரக்குப் பட்டு ஒன்று, வண்டியில் தலையணையாகப் போய்விட்டது, விலை இல்லை, அடித்துவிடுங்கள், முடிஞ்சுதுங்களா என்றார், இல்லை, கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள், நாலு பவுன், வசந்தாமணிக்கு, பாக்கி.