நூற்று எண்பது உறைகள்

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்குச் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தால் பகல் ஒரு மணிக்குள் நூறு பேரைத் தாண்டிவிடும். நூறில் அறுபது பேர் சர்க்கரைக்காரர்கள். ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், மருந்து எடுத்துக் கொடுக்க ஒரு ஆள், அவ்வளவுதான் படை. நர்ஸுக்கு நாற்பத்தெட்டு வயது. எடை பார்க்க வேண்டும், விரலில் குத்த வேண்டும், பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, "சாப்பிட்டேம்மா" என்கிற பொய்யையும் எழுதிக்கொள்ள வேண்டும். மதியத்துக்கு மேல் அவளுக்குப் பேச்சே பாதியாகிவிடும்.

இந்த லட்சணத்தில் ஆராய்ச்சி வேறு.

டாக்டரம்மா ஏழு வருஷமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். சர்க்கரைக்காரர்களை மாசம் இரண்டு தடவை வீட்டுக்கே போய்ப் பார்த்தால் காலும் கண்ணும் தப்பும், எல்லா ஊரிலும் அதற்கு ஆள் போடுங்கள் என்று. மேலிடம் ஏழு வருஷமும் ஒரே பதிலைத்தான் சொன்னது: நிரூபித்துக் காட்டுங்கள். சரி என்று இறங்கிவிட்டார். நூற்று எண்பது நோயாளிகள். பாதிப் பேரை மதியங்களில் நர்ஸ் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாள். மீதிப் பேர் வழக்கம்போல மாசம் ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிப் போவார்கள். மூன்று வருஷம் கழித்து எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று பார்ப்பது.

யார் எந்தப் பக்கம் என்பதை ஆள் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதற்காக நூற்று எண்பது ஒட்டிய உறைகள் வந்தன. மேலே வரிசை எண், உள்ளே 'வீடு' அல்லது 'வழக்கம்' என்று ஒரு துண்டுச் சீட்டு. நோயாளி சம்மதக் கையெழுத்துப் போட்ட பிறகு மேலாக இருக்கும் உறையை எடுத்துக் கிழிக்க வேண்டும். குலுக்கல் மாதிரிதான். பயிற்சிக் கூட்டத்தில் இதை மூன்று தடவை சொன்னார்கள், நர்ஸ் மூன்று தடவையும் தலையாட்டினாள். அன்று காலை தொண்ணூறு பேரைப் பார்த்துவிட்டு வந்தவள். சும்மா விட்டிருந்தாலும் தலை ஆடியிருக்கும்.

முதல் வாரத்தில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவருக்கு 'வீடு' வந்தது. வெயிலில் நடந்து போய்ப் பார்த்தால், மருமகள் மாத்திரையைக் காலை, மாலை என்று டப்பாவில் பிரித்து வைத்திருக்கிறாள், மகன் நகம் வெட்டிவிட்டிருக்கிறான். நர்ஸ் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். மறுநாள் பெஞ்சில் முடிவெட்டுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை, வலது கண்ணில் பார்வை மங்கல், செருப்புக்குள் இருந்த சின்ன ஆணி குத்தியதுகூடத் தெரியாத கால். இவருக்குப் பார்த்து 'வழக்கம்' வந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். அடுத்த உறையை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். மலிவான காகிதம், எழுத்து பளிச்சென்று தெரிந்தது. 'வழக்கம்'.

அவள் உறையை மாற்றவில்லை. அதெல்லாம் தப்பு என்று அவளுக்குத் தெரியும். வரிசையில் அடுத்திருந்த மளிகைக் கடைக்காரரை, மூன்று பிள்ளைகளோடும் சொந்தக் காரோடும் இருந்தவரை, முதலில் உள்ளே கூப்பிட்டாள். அவருக்கு 'வழக்கம்' போயிற்று. பிறகு வந்த உறையில் 'வீடு' இருந்தது, அது முடிவெட்டுகிறவருக்கு. யாருக்கு என்ன குறைந்துபோயிற்று?

இனிப்பைத் தொட்ட நாக்கு சும்மா இருக்குமா? இருக்காது. அதற்குப் பிறகு நாதியற்றவர்கள் எல்லாம் 'வீடு', ஆள் துணை உள்ளவர்கள் எல்லாம் 'வழக்கம்'. எண் வரிசை கலையவில்லை, உறை ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. தனக்குத்தான் வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டாள். ஹெட்மாஸ்டர் வீடு மாதிரி தொண்ணூறு வீடு இருந்திருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். இவள் போன வீடுகளில் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டியிருந்தது, காலாவதியான மாத்திரையைப் பொறுக்கி எறிய வேண்டியிருந்தது, சில நாள் சோறு வடிக்கவும் வேண்டியிருந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். மூன்று வருஷத்தில் அவள் முழங்கால் இரண்டும் போயின.

மூன்றாம் வருஷக் கடைசியில் தலைமை ஆபீஸிலிருந்து புள்ளிவிவரம் போடுகிறவர் லேப்டாப்போடு வந்தார். அவருக்கு 'புள்ளி' என்று பெயர் வைத்திருந்தது மருந்து கொடுக்கிற ஆள். மெலிந்த மனிதர், யாரையும் புண்படுத்தாமல் பேசுகிறவர். மதியம் கூட்டம் ஓய்ந்ததும் டாக்டரம்மா அறையில் அவர், டாக்டரம்மா, நர்ஸ் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"முதல் அட்டவணை ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். வயசு, எடை, சர்க்கரை அளவு, எத்தனை வருஷமா நோய், எல்லாமே ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் சமம்" என்றார் புள்ளி.

"அது கிடக்கட்டும். முடிவைச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம வீட்டுக்குப் போய்ப் பார்த்த நோயாளிங்களுக்குத்தான் கால்புண் ஜாஸ்தி. பெரிய ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்களும் அந்தப் பக்கம்தான் ஜாஸ்தி."

"போய்ப் பார்த்ததால புண்ணு கண்ணுல பட்டிருக்கலாம் இல்ல? மத்தவங்களுக்கு இருந்தும் தெரியாம இருந்திருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். கடைசியில ரெண்டு பக்கத்தையும் வெளி ஆளை வச்சு ஒரே மாதிரி பரிசோதிச்சோமே, அதை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் இதேதான்."

டாக்டரம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி எண்களைப் பார்த்தார். "அப்போ வீட்டுக்குப் போறதுல பிரயோஜனம் இல்லைன்னு அர்த்தம்" என்றார். "நம்ம ஆசைக்காக முடிவை மாத்த முடியாது. திங்கட்கிழமை அனுப்பிடுங்க. இனிமே எந்த ஊருலயும் இதுக்கு ஆள் போட மாட்டாங்க. இங்கயும் நிறுத்திடுவாங்க." அப்புறம் நர்ஸைப் பார்த்து, "மூணு வருஷம் உங்களை வீணா நடக்க வச்சுட்டேம்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கொன்றது. வயசும் எடையும் சர்க்கரையும்தானே படிவத்தில் இருக்கின்றன? வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆள் உண்டா என்று கேட்க அதில் கட்டம் இல்லையே. கரையேற முடியாதவர்களை எல்லாம் தேடித் தேடி ஒரு பக்கம் சேர்த்தவள் இவள். அந்தப் பக்கம் தோற்காமல் என்ன செய்யும்? முடிவெட்டுகிறவருக்கு ஒரு கால்விரல் போயிற்று, அது கணக்கில் ஏறிவிட்டது. இவள் போயிராவிட்டால் முழங்காலோடு போயிருக்கும், அதை யார் கணக்கில் ஏற்றுவது?

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் அச்சகத்தில் புத்தகம் தைத்துக் கட்டுகிறவர். முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாங்க. உன்கிட்ட கரண்டியைக் கொடுத்தது அவங்க தப்பு."

"சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"சரி, நீ சொல்லலைன்னா யாராவது கண்டுபிடிப்பாங்களா?"

"மாட்டாங்க."

"சொன்னா?"

"வேலை போகலாம். டாக்டரம்மாவோட மூணு வருஷம் குப்பையில போகும்."

அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. "சொல்லாட்டி?"

"போய்ப் பார்க்கிறதால ஒண்ணும் ஆகாதுன்னு அச்சுப் போட்டு ஊர் பூரா அனுப்புவாங்க. ஒரு வாசல்லயும் யாரும் போய் நிக்க மாட்டாங்க."

"வர்ற வருஷம் சின்னவளைக் காலேஜ்ல சேர்க்கணும்" என்றார். அதை மறுக்கவா முடியும்? படுக்கப் போகும்போது அவரே சொன்னார், "சொல்றதா இருந்தா காலையிலயே சொல்லிடு. மத்தியானம் வரைக்கும் வச்சிருந்தா உனக்குத் தெம்பு இருக்காது."

காலை ஏழே முக்காலுக்கு அவள் டாக்டரம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். டியூப் லைட், மளிகைக் கடைக்காரர், எல்லாவற்றையும். வெளியே பெஞ்சில் இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எத்தனை பேரு?"

"முக்கால்வாசிக்கு மேல இருக்கும் மேடம்."

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "காசுக்குப் பண்ணியிருந்தா போலீஸ்ல சொல்லலாம். சோம்பேறித்தனத்துல பண்ணியிருந்தா திட்டலாம். நீங்க இரக்கப்பட்டுப் பண்ணியிருக்கீங்க. இதுக்கு நான் என்ன பண்றது, சொல்லுங்க." குரல் உயரவே இல்லை. "எதிர்ல உக்காந்திருந்த தொண்ணூறு பேருக்காக, கண்ணுல படாத லட்சம் பேருக்கு வழியை அடைச்சிருக்கீங்க. அது புரியுதா?"

"புரிஞ்சுதான் வந்தேன் மேடம்."

"எனக்கு அம்பத்தாறு வயசு. இன்னொரு மூணு வருஷம் எங்கிட்ட இருக்கான்னு யோசிச்சீங்களா?"

நர்ஸ் அழுதாள். டாக்டரம்மா அழவில்லை, அவருக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. புள்ளிக்குப் போன் போட்டு, "அனுப்பாதீங்க, எல்லாம் கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னார். மணி எட்டாகிவிட்டது. இரண்டு பேரும் முகத்தைக் கழுவிக்கொண்டு நூற்று ஆறு பேரைப் பார்த்தார்கள்.

பிறகு விசாரணை வந்தது. நர்ஸுக்கு இரண்டு வருஷச் சம்பள உயர்வு வெட்டு, எச்சரிக்கைக் கடிதம். ஆராய்ச்சியை முதலிலிருந்து செய்ய அனுமதி கிடைத்தது. புதிய முடிவு வரும்வரை பழைய ஆட்களுக்கு வீட்டு வருகை தொடரட்டும் என்று டாக்டரம்மா சண்டை போட்டு வாங்கினார். நர்ஸை இதில் சேர்க்காதீர்கள் என்று மேலிடம் எழுதியதற்கு, "இனிமேல் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டாள் என்று நான் நம்புகிற ஒரே ஆள் இவள்தான்" என்று பதில் எழுதினார். இந்தத் தடவை உறைகள் கிடையாது. நோயாளி கையெழுத்துப் போட்டதும் தலைமை ஆபீஸுக்குப் போன் செய்ய வேண்டும், அங்கே இருக்கிற குரல் சொல்லும்.

முதல் நாள் மூன்றாவதாக வந்தவள் துணி தேய்க்கிற ஒரு கிழவி. தனிக்கட்டை. இடது கண் அறவே தெரியாது, வலது கண்ணில் நிழலாட்டம். உள்ளங்காலில் இஸ்திரிப் பெட்டியின் கரித்துண்டு பட்டுச் சுட்ட காயம், வலிக்கவே இல்லை என்றாள். குலுக்கல் விஷயத்தை நர்ஸ் இரண்டு தடவை விளக்கினாள். கிழவி கைநாட்டு வைத்தாள். நர்ஸ் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டுப் போன் செய்தாள்.

"வழக்கம்" என்றது குரல்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

"வழக்கம்."

எழுதினாள். அடுத்து வந்தவர் பட்டுக் கரை வேட்டியில், இரண்டு மருமகள்கள் இரண்டு பக்கமும் தாங்கி வர, வந்தார். குரல் அவருக்கு 'வீடு' என்றது. அதையும் எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து, மதியம், அந்தப் பட்டுக் கரை வேட்டிக்காரருடைய வீட்டைத் தேடி ஒரு சந்துக்குள் போனாள். மூன்றாவது வீட்டு வாசலில் அந்தக் கிழவி இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெள்ளை உடுப்பு நிழலாகத் தெரிந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்து, பக்கத்தில் இருந்த துணி மூட்டையை நகர்த்தி உட்கார இடம் பண்ணினாள்.

"வந்துட்டீங்களாம்மா? வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

கிழவியின் காலில் கட்டு நனைந்து அழுக்காகி இருந்தது, நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"உங்களைப் பார்க்க வரலைம்மா" என்றாள். "பக்கத்து வீட்டுக்கு வந்தேன். இன்னைக்கு ஆஸ்பத்திரியில கட்டு மாத்தலாம், அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க."

"அவ்வளவு தூரம் நான் நடக்கணுமாம்மா?" என்றாள் கிழவி.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.